பல்லைப் பிடித்து வைத்திருப்பது எது?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. போன மாதம் பல் கிளீனிங் செய்துகொண்டார். அதன் பிறகு கீழ் முன்பற்கள் லேசாக ஆடுகின்றன, நடுவே சந்து விழுந்துவிட்டது, தண்ணீர் பட்டால் கூசுகிறது. "நல்லா இருந்த பல்லைச் சுரண்டி வேரையே ஆட்டிவிட்டாங்க" என்கிறார். பல்லைப் பிடித்து வைத்திருப்பது ஈறுதானே? கிளீனிங் செய்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடுமா?

பதில்:

பல்லை ஈறு பிடித்து வைத்திருக்கவில்லை. மரத்தில் அடித்த ஆணி போல எலும்பில் இறுகியும் அது நிற்கவில்லை. தாடை எலும்பில் ஒரு குழி இருக்கிறது. அந்தக் குழிக்குள், எலும்பைத் தொடாமல், எண்ணற்ற நுண்ணிய நார்களால் கட்டப்பட்டுப் பல் தொங்கிக்கொண்டிருக்கிறது. கிளீனிங் பற்றிய உங்கள் சந்தேகத்துக்கு விடை இந்தக் கட்டமைப்பில்தான் இருக்கிறது. அதனால் முதலில் அதைச் சொல்லிவிட்டு அப்பாவின் பல்லுக்கு வருகிறேன்.

பல்லைச் சூழ்ந்திருக்கும் திசுக்கள் நான்கு. வேரின் மேல் மெல்லிய பூச்சாக இருப்பது சிமெண்டம். வேர் உட்கார்ந்திருக்கும் குழியின் சுவர், பற்குழி எலும்பு. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள நார்ப்படலம், பல்சூழ் இணைநார். இவை மூன்றையும் வாயிலிருந்து மறைத்து மேலே மூடியாக இருப்பது ஈறு. கண்ணுக்குத் தெரிவது ஈறு ஒன்றுதான் என்பதால் பெயரும் பழியும் அதற்கே போகின்றன. சுமையைத் தாங்குவது உள்ளே இருக்கும் மூன்றும்தான். அந்த மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி: பல் உருவாகும்போது அதன் முளையைச் சுற்றியிருக்கும் பற்பை என்ற ஒரே திசுவிலிருந்துதான் சிமெண்டமும், இணைநாரும், குழியின் உட்சுவரும் பிறக்கின்றன. ஒன்று கெட்டால் மற்ற இரண்டும் தனியாகத் தாக்குப்பிடிப்பதில்லை.

எல்லா உயிர்களுக்கும் இந்த அமைப்பு இல்லை. சுறாவின் பற்களுக்கு எலும்புக் குழியே கிடையாது. நார்த்திசுவில் பதிந்து நிற்கும், விழும், பின்னாலிருந்து அடுத்த வரிசை முன்னுக்கு வரும். ஓணானின் பல் தாடை எலும்போடு ஒட்டிப்போயிருக்கும். குழிக்குள் நாரால் தொங்கும் பல், பாலூட்டிகளுக்கும் முதலைகளுக்கும் வாய்த்தது. நமக்கு ஒரு முறை பால்பல் விழுந்து நிலைப்பல் வந்துவிட்டால் அதன் பிறகு வேறு பல் வராது. அறுபது, எழுபது வருடம் அரைக்க வேண்டிய பல்லுக்கு அதிர்வைத் தாங்கும் கட்டு தேவை. அந்தக் கட்டுதான் இணைநார்.

இதன் தடிமன் 0.15 முதல் 0.38 மில்லிமீட்டர் வரைதான். வேரின் நடுப்பகுதியில் மிக ஒல்லியாகவும், மேலும் கீழும் சற்று அகலமாகவும், உடுக்கையின் வடிவில் இருக்கும். பல் அசையும்போது அச்சு அந்த நடுப்பகுதிக்கு அருகே விழுவதால் இந்த வடிவம். நன்றாக மென்று பயன்படும் பல்லில் இணைநார் தடிமனாகவும், எதிர்ப்பல் இல்லாமல் சும்மா நிற்கும் பல்லில் மெலிந்தும் இருக்கும். வயது ஏற ஏறவும் மெலியும்.

நார்கள் பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதத்தின் கற்றைகள். ஒரு முனை சிமெண்டத்துக்குள்ளும் மறுமுனை எலும்புக்குள்ளும் புதைந்து, சுற்றிச் சுண்ணாம்புச் சத்து இறுகி, பிடுங்க முடியாதபடி பதிந்திருக்கும். புதைந்த அந்த முனைகளை ஷார்பி நார்கள் என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டு உடற்கூறியலாளர் வில்லியம் ஷார்பியின் பெயர். குழியின் விளிம்பில் சில கற்றைகள், அதற்குக் கீழே கிடைமட்டமாகச் சில, வேர் நுனியைச் சுற்றிச் சில, கடைவாய்ப் பல்லின் வேர்கள் பிரியும் இடத்தில் சில. ஆனால் எண்ணிக்கையில் பெரும்பங்கு சாய்வாக ஓடும் கற்றைகளே. கீழ்ப் பல்லை நினைத்துக்கொள்ளுங்கள். சாய்வு நாரின் தாழ்ந்த முனை பல்லிலும் உயர்ந்த முனை எலும்பிலும் இருக்கும். உத்தரத்தில் கட்டிய தூளியின் அமைப்பு இது. குழந்தையின் எடை தூளித் துணியை இழுக்கிறது. உத்தரத்துக்குப் போவது இழுவிசை. அதே மாதிரி, முறுக்கைக் கடிக்கும்போது பல் குழிக்குள் இறங்க முயல்கிறது, சாய்வு நார்கள் விறைக்கின்றன, எலும்புக்குப் போகும் விசையில் நசுக்கல் குறைந்து இழுப்பு கூடுகிறது. தொடர்ந்த நசுக்கலில் எலும்பு கரையும், இழுப்பில் வளரும். இந்தச் சாய்வு இல்லாவிட்டால் நம் தாடை மெல்ல மெல்லத் தேய்ந்துபோயிருக்கும்.

நார் மட்டும் வேலை செய்வதில்லை. ஓய்வில் இந்தக் கற்றைகள் அலையலையாகத் தளர்ந்திருக்கும். கடியின் முதல் நொடியில் நார்களுக்கிடையே உள்ள திசுநீரும் இரத்தமும் குழிச்சுவரில் உள்ள நுண்துளைகள் வழியே எலும்பு மஜ்ஜைக்குள் பிதுங்கி ஓடி, விசையை உள்வாங்குகின்றன. பிறகே நார் விறைக்கிறது. கடி விட்டதும் நீர் திரும்புகிறது. ஆரோக்கியமான பல்லுக்கும் ஆட்டம் உண்டு, விரலுக்குத் தெரியாத அளவில். இரவு முழுக்கக் கடியில்லாமல் பல் மிகச் சற்றே மேலெழுந்து நிற்பதால் காலையில் எழுந்ததும் அந்த ஆட்டம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அப்பா காலையில் பல் விளக்கும்போது ஆட்டிப் பார்த்துவிட்டுப் பதறுகிறார் என்றால் இதையும் சொல்லுங்கள்.

சோற்றில் ஒரு பொடிக்கல் அகப்பட்டால், நினைப்பதற்கு முன்பே வாய் திறந்துகொள்கிறது அல்லவா? அந்தச் செய்தியை முதலில் அனுப்புவதும் இணைநார்தான். அதில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் அடர்ந்திருக்கின்றன. இரண்டு பற்களுக்கு நடுவே 20 மைக்ரான் அளவுள்ள தகட்டை, அதாவது தலைமுடியைவிட மெல்லியதை, நம்மால் உணர முடிகிறது. தாடையில் டைட்டானியத் திருகு பதித்து வைக்கும் இம்பிளான்ட் பல்லில் இந்த உணர்வு மங்கல். அங்கே டைட்டானியத்தோடு எலும்பு நேரடியாக ஒட்டிவிடுகிறது, நடுவே இணைநார் கிடையாது. அதனால் இம்பிளான்டின் மேல் வைக்கும் பல்லின் உயரத்தை மருத்துவர் கூடுதல் கவனத்தோடு சரிபார்க்க வேண்டியிருக்கிறது. அது தன்னை உணர்ந்து விலகிக்கொள்ளாது.

பல்வலி விஷயத்திலும் இது உதவும். பல்லுக்குள் உள்ள கூழில் அழற்சி வந்தால் எந்தப் பல் என்று பல நேரங்களில் சொல்ல முடியாது. "இந்தப் பக்கம் முழுக்க வலிக்குது" என்பார்கள், சிலருக்கு மேல் பல்லா கீழ்ப் பல்லா என்றுகூடத் தெரியாது. கூழில் இடம் சொல்லும் நரம்பு முனைகள் இல்லாததே காரணம். அழற்சி வேர் நுனியைத் தாண்டி இணைநாரைத் தொட்ட நாளில் விரல் வைத்துக் காட்டிவிடுவார்கள்: "இதுதான், கடிச்சா உயிர் போகுது." அடைத்த பல் ஒரு நூலளவு உயரமாக இருந்தாலும் இதே கதை. ஒவ்வொரு கடியும் அந்த ஒரு பல்லின் இணைநாரில் விழுந்து, அது கன்றி, பல் உயர்ந்து நிற்பது போலத் தோன்றும். உயரத்தைத் தேய்த்துச் சரிசெய்தால் சில நாளில் அடங்கிவிடும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருப்பது வீண்.

இணைநாரின் கொலாஜன் உடலிலேயே மிக வேகமாகப் புதுப்பிக்கப்படும் கொலாஜன்களில் ஒன்று. பழையதை அரித்துப் புதியதை நெய்யும் வேலை அங்கே ஓய்வதில்லை. பழைய கடற்பயண மாலுமிகளுக்கு ஸ்கர்வி வந்து பல் ஆடி விழுந்தது இதனால்தான். கொலாஜன் இழைகள் முறுக்கேற வைட்டமின் சி வேண்டும். அது இல்லாமல் போனதும் பழைய நார் அரிபடுகிறது, புதியது உறுதியாக நெய்யப்படுவதில்லை.

பல்லுக்குக் கம்பி போடுவதும் இந்த ஓயாத வேலையை நம்பித்தான். முன்பல் ஒன்றைச் சாய்க்க 35 முதல் 60 கிராம் விசை போதும். பல் நகரும் பக்கத்தில் இணைநார் நசுங்குகிறது, சில நாளில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து வழிவிடுகின்றன. எதிர்ப்பக்கத்தில் நார் இழுபட்டுப் புது எலும்பு படிகிறது. மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். சீக்கிரம் முடிய வேண்டும் என்று விசையைக் கூட்டினால் நேர்மாறாகும். நசுங்கிய பக்கத்தில் இரத்தக்குழாய் அடைபட்டு இணைநார் உயிரற்றுப்போகும், எலும்பைக் கரைக்க வேண்டிய செல்களுக்கு அங்கே வர வழியிருக்காது. பல் வாரக்கணக்கில் நின்றுவிடும், வலிக்கும், வேர் நுனி கரையும் ஆபத்தும் கூடும். கம்பியை எடுத்த பிறகு, பல் நகராமல் பிடித்துவைக்கும் ரிடெய்னர் போடச் சொல்வது சடங்கு இல்லை. குழிக்குள் உள்ள நார்கள் மூன்று நான்கு மாதத்தில் புது இடத்துக்குப் பழகிவிடும். எலும்புக்கு மேலே ஈறில் உள்ள மீள்நார்கள் ஒரு வருடம் வரைக்கும் பல்லைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டிருக்கும்.

அடிபட்டு முழுப் பல்லும் வெளியே வந்து விழுந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதும் இணைநாரைப் பற்றிய அறிவுதான். இதை எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். விழுந்த பல்லின் வேரில் பாதி இணைநார் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. அவை காய்ந்தால் செத்துவிடும். பல்லை மேல்பக்கமாக, வெள்ளைப் பகுதியில் பிடியுங்கள். வேரைத் தொடாதீர்கள், துடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள். மண் ஒட்டியிருந்தால் பாலில் மெதுவாக அலசுங்கள். நிலைப்பல்லாக இருந்து, அடிபட்டவர் தெளிவான நினைவோடு இருந்தால், உடனே குழிக்குள் திரும்பச் செருகி, சுத்தமான துணியைக் கடிக்கச் சொல்லி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துப்போங்கள். பால் இல்லையென்றால் அவரது எச்சிலிலேயே வைக்கலாம். வெறும் தண்ணீர் செல்களை ஊதி வெடிக்கவைக்கும், ஆனாலும் காகிதத்தில் மடித்துக் காயவைப்பதைவிட அது மேல். முதல் சில நிமிடங்களில் செருகினால் பலன் மிக அதிகம். ஒரு மணி நேரம் உலர்ந்து கிடந்தால் செல்கள் பிழைப்பது அரிது. அப்படிப்பட்ட பல்லைத் திரும்ப வைத்தாலும் நடுவில் நார் இல்லாமல் எலும்பு நேராக வேரோடு ஒட்டி, வருடங்களில் வேரைத் தின்று எலும்பாக மாற்றிவிடும். பால்பல்லை மட்டும் திரும்பச் செருகக் கூடாது. உள்ளே வளரும் நிலைப்பல்லுக்கு அடிபடும்.

அடுத்தது சிமெண்டம். கட்டடச் சிமெண்ட் மாதிரி ஒட்டும் பசை என்று நினைத்துவிட வேண்டாம். நார்களின் முனையைப் பற்றிக்கொள்ளும் உயிர்த்திசு இது. இரத்தக்குழாயும் நரம்பும் இதில் கிடையாது. பல்லின் கழுத்தில் 16 முதல் 60 மைக்ரான், ஏறக்குறைய முடியின் தடிமன். வேர் நுனிப் பக்கம் 150 முதல் 200 மைக்ரான். வாழ்நாள் முழுக்க மெல்ல மெல்லப் படிந்துகொண்டே இருக்கும். அது எலும்பைப் போல அடிக்கடி கரைந்து மாறாமல் நிலைத்திருப்பதால்தான் கம்பி போடும்போது எலும்பு வழிவிடுகிறது, வேர் பெரும்பாலும் தப்புகிறது.

எனாமலும் சிமெண்டமும் சந்திக்கும் கோட்டில் எல்லாருக்கும் ஒரே அமைப்பு இல்லை. 60 முதல் 65 சதவீத இடங்களில் சிமெண்டம் எனாமலின் மேல் சற்றே ஏறி மூடியிருக்கும். 30 சதவீதத்தில் விளிம்போடு விளிம்பு சேரும். 5 முதல் 10 சதவீதத்தில் இரண்டும் சேராமல், அவற்றுக்கு அடியில் உள்ள டென்டின் என்ற பல்லின் உட்பகுதி நடுவே திறந்தே கிடக்கும். ஈறு இறங்கும்போது சிலருக்கு உடனே கூச்சம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றவர்களுக்கும் மெல்லிய கழுத்துச் சிமெண்டம் தேய்ந்துபோக அதிக காலம் ஆகாது. செங்கல் பொடி, அடுப்புச் சாம்பல், கரித்தூள், உப்பு என்று சொரசொரப்பான எதையாவது விரலில் தொட்டுத் தேய்க்கும் பழக்கம் நம்மிடம் நீண்ட காலம் இருந்தது. எனாமல் அதைக் கொஞ்சம் தாங்கும். சிமெண்டமும் ஈறு விளிம்பும் தாங்காது; கழுத்தில் ஆப்பு வடிவப் பள்ளம் விழும்.

எலும்பைப் பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: பற்குழி எலும்பு பல்லுக்காகவே பிறந்து, பல் இருக்கும் வரைதான் இருக்கும். பல்லைப் பிடுங்கிய 12 மாதத்தில் அந்த இடத்து எலும்பு மேட்டின் அகலத்தில் ஏறக்குறைய பாதி போய்விடுகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு இழப்பு முதல் மூன்று மாதத்திலேயே. ஷார்பி நார்களின் இழுப்புதான் குழியின் உட்சுவரை உயிரோடு வைத்திருக்கிறது. இழுப்பு நின்றதும் அதற்கு அங்கே வேலை இல்லை. பல ஆண்டு பல்செட் போட்ட முதியவர்களின் கன்னமும் உதடும் உள்வாங்குவது இதனால்தான். மேல் முன்பற்களில் உதட்டுப் பக்கச் சுவர் பலருக்கு 1 மில்லிமீட்டர்கூட இருக்காது என்பதால் அங்கே இழப்பு வேகமாகத் தெரியும்.

எக்ஸ்ரேயில் வேரைச் சுற்றி ஒரு மெல்லிய கறுப்புக் கோடும், அதற்கு வெளியே ஒரு வெள்ளைக் கோடும் தெரியும். கறுப்பு இணைநாரின் இடம், வெள்ளை குழியின் உட்சுவர். எலும்பின் உச்சி, எனாமல் முடியும் கோட்டுக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர் கீழே இருந்தால் சரி. அதற்கும் கீழே போயிருந்தால் எலும்பு இழப்பு. அப்பாவின் எக்ஸ்ரே கையில் இருந்தால் இதை நீங்களே பார்க்கலாம்.

இப்போது ஈறு. அது தாங்குவதில்லை, காவல் காக்கிறது. உடம்பின் மேல் தோலைத் துளைத்துக்கொண்டு கடினமான பொருள் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருப்பது பல் ஒன்றில்தான். கிருமிகள் கோடிக்கணக்கில் வாழும் வாயில், அந்தத் துளையைச் சுற்றி முத்திரை வைத்த மாதிரி அடைத்துவைப்பது ஈறின் வேலை. விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் அகலம் பல்லோடு ஒட்டாமல் சட்டைக் காலர் மாதிரி நிற்கும். உள்ளே ஓர் ஆழமற்ற பள்ளம். மருத்துவர் அளவுக்கம்பி விட்டுப் பார்த்தால் 1 முதல் 3 மில்லிமீட்டர் இறங்கும், இரத்தம் வராது. பள்ளத்தின் அடியில் இணைப்பு மேல்தோல் என்ற மெல்லிய படலம் பல்லோடு ஒட்டியிருக்கிறது, சராசரியாக 1 மில்லிமீட்டர் உயரம். அதற்குக் கீழே, எலும்பின் உச்சி வரை, இன்னொரு மில்லிமீட்டர் நார்ப்பிணைப்பு. சேர்த்தால் 2 மில்லிமீட்டர். கேப் போடும்போது அதன் விளிம்பை அழகுக்காக ஈறுக்குள் ஆழமாக இறக்கி இந்த 2 மில்லிமீட்டருக்குள் நுழைந்துவிட்டால், எவ்வளவு நன்றாகத் துலக்கினாலும் அந்தப் பல்லைச் சுற்றி ஈறு சிவந்து வீங்கியே இருக்கும். கடைசியில் எலும்பு இறங்கி இடம் கொடுக்கும்.

அந்த இணைப்பு மேல்தோல்தான் மொத்த அரணின் பலவீனமான கதவு. செல்களுக்கிடையே இடைவெளி அதிகம். அது குறை இல்லை, ஏற்பாடு. இரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் ஆரோக்கியமான வாயிலும் ஓயாமல் இந்த வழியாகப் பள்ளத்துக்கு வந்து காவல் நிற்கின்றன, திசுநீர் கசிந்து பள்ளத்தைக் கழுவுகிறது. படலமும் சில நாளுக்கொரு முறை புதிதாகிவிடும். வெளிப்பக்க ஈறு இதற்கு நேர்மாறு: தடித்து, எலும்போடும் வேரோடும் இறுகப் பிணைந்து, முறுக்கும் சீடையும் உரசினாலும் தாங்கும். ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக இருந்தால் நல்லதுதான். எல்லாருக்கும் இருக்காது, இல்லாவிட்டால் நோய் என்று அர்த்தமில்லை. நிறமும் அப்படியே. நம்மவர்களில் பலருக்கு ஈறு கறுப்பாகவோ திட்டுத் திட்டாகவோ இருக்கும். தோலில் உள்ள அதே மெலனின்தான். நோய்க்கு அடையாளம் கறுப்பு இல்லை. சிவப்பும், வீக்கமும், இரத்தமும்தான்.

இனி எங்கே கெடுகிறது என்று பார்ப்போம். 1965-இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. துலக்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் மறைந்தது. காரணம் விளிம்பில் படியும் கிருமிப் படலம். இந்தக் கட்டத்தில் எல்லாம் மீளக்கூடியது. துலக்கும்போது இரத்தம் வருகிறதென்று அந்த இடத்தைத் தொடாமல் விடுபவர்கள் செய்ய வேண்டியதற்கு நேர் எதிரானதைச் செய்கிறார்கள்.

படலம் அப்படியே இருந்தால் சிலருக்கு அழற்சி கீழே இறங்குகிறது. இணைப்பு மேல்தோல் வேரிலிருந்து உரிந்து கீழே நகர்கிறது, பள்ளம் பையாகிறது, நார் அறுகிறது, எலும்பு பின்வாங்குகிறது. எலும்பைக் கிருமி தின்பதில்லை. கிருமியை எதிர்க்கும் நம் உடம்பின் அழற்சியே எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது. "சிலருக்கு" என்று நான் சொன்னதற்கும் லோவின் இன்னோர் ஆய்வே ஆதாரம். 1970 முதல் 1985 வரை இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைப் பின்தொடர்ந்தார்கள். பல் மருத்துவமே எட்டாதவர்கள். எல்லாருடைய பல்லிலும் படலமும், அது கல்லாக இறுகிய காரையும் நிறைந்திருந்தன. ஆனாலும் 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாகப் பாய்ந்தது, 81 சதவீதத்தினருக்கு நிதானமாக நகர்ந்தது, 11 சதவீதத்தினருக்கு ஈறு அழற்சியைத் தாண்டிப் போகவே இல்லை. வேகக் கூட்டத்தில் இருந்தவர்கள் 45 வயதில் சராசரியாக 13 மில்லிமீட்டர் பிடிப்பை இழந்திருந்தார்கள். அதாவது எலும்பின் பிடியில் வேர் ஏதும் மிச்சமில்லை எனலாம். பல் துலக்கவே வாய்ப்பில்லாத மனிதர்களின் வாயிலிருந்து உலகப் பல் மருத்துவம் கற்றுக்கொண்ட பாடம் இது. ஒரே அழுக்கு, வெவ்வேறு உடம்பு. அந்த உடம்பை மோசமான பக்கம் தள்ளுபவை முக்கியமாக இரண்டு: கட்டுப்படாத சர்க்கரை நோய், புகையிலை. புகைப்பவர்களுக்கு ஈறில் இரத்தக்கசிவு குறைவாக இருக்கும் என்பதால் உள்ளே எலும்பு போவது வெளியே தெரியாது. வாயில் அடக்கிவைக்கும் புகையிலை, வைக்கும் இடத்தில் ஈறைக் கீழே இறக்கிவிடும்.

இந்த நோய் வலிக்காது. பிடிப்பில் பாதிக்கு மேல் போகும் வரை பல் பெரிதாக ஆடாமலும் இருக்கும். அப்பா "நல்லா இருந்த பல்" என்று நம்பியதில் அவர் தவறு ஏதும் இல்லை.

கீழ் முன்பற்களுக்குத் திரும்புவோம். நாக்குக்கு அடியில் எச்சில் சுரப்பியின் வாய் திறக்கிறது. எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து முதலில் படிவது அதற்கு எதிரே உள்ள கீழ் முன்பற்களின் உட்பக்கத்தில்தான். ஆண்டுக்கணக்கில் அங்கே காரை கட்டியாகி, ஆறு பற்களையும் ஒரே பாளமாகச் சேர்த்துவிடும். அதன் அடியில் எலும்பு இறங்கிக்கொண்டிருக்கும், மேலே பாளம் பற்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும். ஸ்கேலிங், அதாவது நீங்கள் சொல்லும் கிளீனிங், அந்தப் பாளத்தை எடுத்தது. ஏற்கெனவே பிடிப்பிழந்திருந்த பற்கள் தங்கள் உண்மையான ஆட்டத்தைக் காட்டின. சந்து புதிதாக விழவில்லை; காரை அடைத்திருந்த இடமும், வீங்கிய ஈறு மறைத்திருந்த இடமும் வெளியே வந்தன. ஒரு பல்லும் பக்கத்துப் பல்லும் தொடும் புள்ளியிலிருந்து எலும்பின் உச்சி வரை 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நடுவே ஈறுக்கூம்பு நிரம்பி நிற்கும். 7 மில்லிமீட்டர் ஆனால் நான்கில் ஓர் இடத்தில்தான் நிரம்பும். எலும்பு இறங்கிய வாயில் முக்கோணச் சந்து தெரிவது தவிர்க்க முடியாதது. கூச்சம், காரை மூடியிருந்த வேர் திறந்துகொண்டதால். ஆழமாகச் சுத்தம் செய்த சில நாட்களுக்கு அழற்சியால் ஆட்டம் சற்றுக் கூடவும் செய்யும். ஈறு ஆறியதும் குறையும்.

ஆரோக்கியமான பல்லை ஸ்கேலிங் கருவி ஆட்டிவிட முடியாது. அந்தக் கருவியின் அதிர்வு காரையை உடைக்கும், எலும்புக்குள் புதைந்த நார்களை அறுக்காது. அப்படி அறுக்க முடியுமென்றால் பல் பிடுங்குவதற்கு மருத்துவர்கள் அவ்வளவு பாடுபட வேண்டியதே இல்லை.

ஆனால் "காரையை எடுத்தாச்சு, போய்ட்டு வாங்க" என்று அனுப்பியிருந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. அப்பாவைத் திரும்ப அழைத்துப்போய், முடிந்தால் ஈறுநோய் நிபுணரிடம், மூன்றைக் கேளுங்கள். ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடத்தில் பையின் ஆழத்தை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். 3 மில்லிமீட்டர் வரை சரி, 4 கவனம், 5 அல்லது அதற்கு மேல் என்றால் ஈறுக்கு அடியில் வேரைச் சுத்தம் செய்ய வேண்டும். கீழ் முன்பற்களுக்குச் சிறிய எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். ஆட்டத்தின் அளவைக் கேளுங்கள்: பக்கவாட்டில் 1 மில்லிமீட்டருக்குள் என்றால் முதல் நிலை, அதற்கு மேல் இரண்டாம் நிலை, அழுத்தினால் குழிக்குள் இறங்கி எழும்பினால் மூன்றாம் நிலை. முதல் நிலைப் பற்கள் பெரும்பாலும் ஆறிய பின் இறுகிவிடும். மெல்லும்போது தொந்தரவு தந்தால் பின்பக்கம் மெல்லிய கம்பியோ ஃபைபரோ ஒட்டிச் சேர்த்துக் கட்டலாம். அது ஆதரவுதான், சிகிச்சை இல்லை, அதைச் சுற்றிச் சுத்தம் செய்வதும் கடினம். மூன்றாம் நிலைப் பல்லைக் காப்பாற்றுவது அரிது.

கூடவே இரத்தத்தில் சர்க்கரையையும், மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையையும் பார்த்துவிடுங்கள். 58 வயதில் ஈறு மூலமாகச் சர்க்கரை நோய் முதன்முதலாகத் தெரியவருவது உண்டு. ஈறுக்குச் செய்யும் சிகிச்சை சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் ஓரளவு உதவும். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் அல்லது நிஃபெடிபின், வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடுகிறார் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஈறைத் தடிக்கவைக்கும் மருந்துகள் அவை. தானாக நிறுத்தக் கூடாது.

போன எலும்பு திரும்புமா என்று அடுத்து கேட்பீர்கள். பெரும்பாலும் திரும்பாது. காரணம் செல்களின் ஓட்டப்பந்தயம். சுத்தமான வேரின் மேல் முதலில் ஓடிவந்து படிவது மேல்தோல் செல்கள். அவை ஒட்டிக்கொண்டு நீண்ட முத்திரையாகிவிடும். நோய் நிற்கும், பை குறையும், நார்ப்பிடிப்பு வராது. புது நாரும் சிமெண்டமும் உண்டாக வேண்டுமானால் இணைநாரிலிருந்து வரும் செல்கள் முதலில் சேர வேண்டும். 1976-இல் மெல்ச்சர் என்ற ஆய்வாளர் இதைத் தெளிவுபடுத்திய பிறகுதான், நடுவே ஒரு சவ்வை வைத்து மேல்தோலைத் தடுத்து நிறுத்தும் அறுவை சிகிச்சை வந்தது. எலும்பில் ஆழமான, குறுகிய பள்ளம் விழுந்த இடங்களில் அது நன்றாகப் பலிக்கும். கீழ் முன்பற்களில் வருவது போல எலும்பு மட்டமாக இறங்கிய இடங்களில் பலிப்பதில்லை. இருப்பதைக் காப்பதே அங்கே நோக்கம்.

வீட்டில் செய்ய வேண்டியது: மென்மையான பிரஷ், ஈறு விளிம்பில் 45 டிகிரி சாய்த்து, அழுத்தாமல் சிறு அசைவுகள். பிரஷ் ஈறுக்கு அடியில் 1 மில்லிமீட்டர் அளவுதான் எட்டும், பற்களின் நடுவே எட்டவே எட்டாது. சந்து விழுந்த இடத்துக்கு நூலைவிட, பாட்டில் கழுவும் பிரஷ் போன்ற வடிவில் கிடைக்கும் குட்டி இடைப்பல் பிரஷ்தான் சிறந்தது. சந்தில் லேசான உரசலோடு போய்வரும் அளவைத் தேர்ந்தெடுங்கள். நுழையாததைத் திணிக்க வேண்டாம். பல்பொடியை விட்டு, கூச்சத்துக்கான ஃபுளோரைடு பேஸ்ட்டைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். பலன் தெரிய சில வாரம் ஆகும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பைகளைத் திரும்ப அளக்க வேண்டும், அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய்வர வேண்டும். அடுத்த முறை போகும்போது இன்றைய அளவுகள் எழுதிய தாளையும் எடுத்துச் செல்லுங்கள். பிடிப்பு நிற்கிறதா, இன்னும் நழுவுகிறதா என்பது இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.